ஊமைப்படத்தில் பன்னிரண்டு பாட்டு

"ஊமைப்பட போஸ்டர்ல 'பாடல்கள் பன்னிரண்டு'ன்னு போட்டிருக்கு. இதையெல்லாம் பார்க்கத்தானேம்மா உனக்குச் சம்பளம்?"

முதலாளி கோபப்படக்கூட இல்லை. அலுத்துப்போன குரல்.

காலையிலிருந்து அவர் மேஜை போன் ஓயவில்லை. அவர் நடத்தும் சித்திரக்கதை வார இதழ் வெளிவந்தாலே இப்படித்தான்.

கதை என்னவோ தொப்பைத் துப்பறிவாளர் ஒருவர் வாராவாரம் வழுக்கி விழுவதுதான். ஆனால் ஓவியர், கட்டத்துக்குக் கட்டம் பின்னணியில் பழைய சினிமா, விளையாட்டு, ராக்கெட் என்று எதையாவது ஒளித்து வைப்பார். அதைத் தேடிப் பிடிப்பதில் வாசகர்களுக்கு ஒரு குஷி. அதில் தப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், உடனே போன்தான்.

"மாஸ்டர் படத்தைக் கடைசி நிமிஷத்துல தர்றார் சார். பார்க்க நேரமே இல்ல" என்றாள் உதவி ஆசிரியை. பிறகு, மென்று விழுங்கி, "வயசாயிடுச்சில்ல சார்... மறதி" என்றாள்.

சொன்னதும் உறுத்தியது. ஆனால் வேலை போய்விட்டது என்று வீட்டில் போய் எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான்.

"இனிமே நீ பார்க்காம ஒரு படமும் அச்சுக்குப் போகக்கூடாது" என்றார் முதலாளி.

மறுவாரம் படத்தோடு ஓவியரின் அறைக்குப் போனாள்.

"மாஸ்டர், செஸ் போர்டுல வரிசைக்கு ஒன்பது கட்டம் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும் விடு, டிகிரி." அவளை அவர் கூப்பிடுவதே அப்படித்தான்.

"எப்படி மாஸ்டர் விடறது? என் வேலை போயிடும்."

அவர் படத்தை வாங்கித் திருத்திக் கொடுத்தார்.

இதழ் வந்தது. போன் அடிக்கவில்லை. மதியம் வரை அடிக்கவில்லை. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

முதலாளி வெளியே வந்தார். பாராட்டப் போகிறார் என்று எழுந்து நின்றாள்.

"ஒரு போன்கூட வரலையேம்மா."

"ஒரு தப்புகூட இல்ல சார்!"

"தப்பு சொல்றதுக்காவது நாலு பேர் படிக்கிறாங்கன்னு நெனச்சேன். அந்த ஒரு தெம்புலதான் நஷ்டத்துலயும் ஓட்டிட்டிருந்தேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "படிக்க ஆளே இல்லாத புத்தகம் எதுக்கு? இன்னும் ஒரு வாரம் பார்ப்போம். அப்புறம் மூடிடலாம்."

அவள் நேராக ஓவியரின் அறைக்குப் போனாள். அவர் தலையை நிமிர்த்தாமல் வரைந்துகொண்டிருந்தார்.

"எனக்கு மறதின்னு சொன்னியாமே?"

அவர் தூரிகையை மையில் தோய்த்தார்.

"முன்னாடியும் ஒரு தடவை தப்பே இல்லாம வந்துச்சு. அன்னைக்கும் முதலாளி, மூடிடலாம்னு இதேதான் சொன்னார். அதை மட்டும் நான் மறக்கல, டிகிரி."

புதுப் படத்தை அவள் பக்கம் தள்ளினார். கடலுக்கடியில் துப்பறிவாளர். அவர் தொப்பையைச் சுற்றிப் பாதி வரைந்த ஓர் ஆக்டோபஸ்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்குக் கை எத்தனை போடலாம், மாஸ்டர்? ஏழா, ஒன்பதா?"