கன்னத்தில் முளைத்த இமைமுடி

“ராத்திரியில அழுற பழக்கம் உண்டாம்மா?” என்று கல்யாணத்துக்கு முன்பு டாக்டர் கேட்டபோது செவ்வந்தி சிரித்துவிட்டாள். பதில் சொன்னது அவள் அம்மா. “நல்ல எடத்துல குடுக்கறோம் டாக்டர். அவ எதுக்கு அழப்போறா?”

மாப்பிள்ளை வீட்டார் இப்போதெல்லாம் நகையோடு நீண்ட இமைமுடியும் கேட்கிறார்கள். டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தார். “மேல் இமை ஓரத்துல மட்டும் தடவு. வழிஞ்சா உடனே தொடச்சிடு. வழிஞ்ச எடத்துலயும் முடி மொளைக்கும்.”

செவ்வந்தி மருந்தைத் தடவிப் படுத்த பிறகுதான் புருஷன் வீட்டுக்கு வருவான். வந்ததும் ஏதாவது ஒன்றுக்கு அடி விழும். தையில் கல்யாணமாகி ஆனி வருவதற்குள், இரண்டு கன்னத்திலும் கண்ணிலிருந்து தாடை வரை ஒரு கோடாக இமைமுடி கருகருவென்று வளைந்து நின்றது. மருந்தை நிறுத்தினால் இமைமுடி உதிர்ந்துவிடும் என்று மாமியார் விடவில்லை.

“ஊருக்கே படம் போட்டுக் காட்டறியாடி?” என்று மாமியாரே ஒரு சவரக்கத்தி வாங்கிக் கொடுத்தாள். காலையில் காபி போடும் முன் மழித்துவிட வேண்டும்.

தலை ஆடிக்கு அழைத்துப்போக அம்மா வந்த அன்று செவ்வந்தி மழிக்கவில்லை. போனில் சொன்னபோதெல்லாம் “அனுசரிச்சுப் போடி” என்ற அம்மா, கண்ணால் பார்த்தால் கூட்டிப்போய்விடுவாள், திருப்பி அனுப்பமாட்டாள் என்று நம்பினாள்.

அம்மா சீர்த்தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தாடை வரை தடவிப் பார்த்தாள்.

“போலாமாம்மா?”

அம்மா கதவைச் சாத்தினாள். அலமாரியிலிருந்த கத்தியை எடுத்து, மகளின் கன்னத்தை நனைத்து, ஒரு முடி விடாமல் மழித்தாள். முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு சீர் கொண்டுவந்த காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனியாக வாசலைத் தாண்டிப் போனாள்.