இருவர் பேசிய மொழி

இரட்டைக் குழந்தைகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி பெற்றவள் செண்பகவல்லிக்கே விளங்காது. ஒருத்தி காய்ச்சலில் போய்விட்டாள். மிஞ்சிய குயிலி காலிக் கட்டிலைப் பார்த்து ஏதோ கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், மறுபடியும் கேட்கிறாள். அதைப் பதிவுசெய்ய வந்த இரண்டு பேராசிரியர்களும் கூடத்தில் மல்லுக்கு நின்றார்கள். "மனுஷன் பிறக்கும்போதே இலக்கணத்தோடதான் பிறக்கிறான். இதோ சாட்சி!" "அட, வெறும் மழலை. இதுல ஏது இலக்கணம்?"

"இவ என்ன கேக்கறான்னு மட்டும் சொல்லுங்க சார்," என்றாள் செண்பகவல்லி. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் சண்டையில்லை, தெரியாது என்றார்கள்.

அவர்கள் போனதும் அவளே அந்தக் கட்டிலில் படுத்து, காதில் விழுந்து பழகிய ஒரு சொல்லைச் சொன்னாள். குழந்தையின் முகம் மலர்ந்துவிட்டது. ஆசை ஆசையாக என்னவோ நீளமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. செண்பகவல்லிக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அதையே திரும்பவும் சொன்னாள். குழந்தை கிட்டே வந்து அவள் வாயைப் பொத்தியது.