ஒன்பது நாள் இருமல்

“சும்மா ஜாலிக்குக் கேக்குறேம்மா. உனக்கு ரொம்பப் பிடிச்ச நடிப்பு எது?” என்றார் தலைவர்.

நேர்முகத் தேர்வின் கடைசிக் கேள்வி இது. என் பட்டச் சான்றிதழின் மேல் அவருடைய டீ டம்ளர் உட்கார்ந்திருந்தது.

ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் காப்பாற்றுவதற்கென்றே நடக்கும் அறக்கட்டளை. கள அலுவலர் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இது கிடைத்தால் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம்.

அதற்காகத்தான் காலையிலிருந்து வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

நான் பதில் சொல்வதற்குள் கணக்கு அதிகாரி முந்திக்கொண்டார். அவருக்கு ஒரு மூத்த நடிகர். நெஞ்சில் குண்டு வாங்கிக்கொண்டு பதினோரு நிமிடம் பேசிவிட்டுத்தான் சாவாராம். செயலாளர் அம்மாவுக்கு வேறொருவர். கண்ணாலேயே அழுவாராம். மற்றவர்கள் எதனால் அழுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

தலைவர் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார்.

“அட விடுங்கப்பா. பஞ்சாலையில கூட்டிப் பெருக்குற பொம்பளையா அந்தம்மா நடிச்சிருக்குமே, அந்த இருமல்! அதுக்குப் பேரு நடிப்பா? வாழ்ந்திருக்கு!”

மூவரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, மறுநாளே தலைவர் இந்த அறக்கட்டளையைத் தொடங்கினாராம். ஒரு நாளாவது ஆலைக்குள் போயிருக்கிறீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

“எனக்கும் அதுதான் சார்” என்றேன்.

“அப்படிப் போடு! எங்கே, அந்த இருமலைக் கொஞ்சம் செஞ்சு காட்டு பாப்போம்.”

பட்டதாரிகள் இதற்கும் படித்துவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது.

செய்து காட்டினேன். ஆலையில் எப்படி இருமுவார்களோ அப்படி. சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் திணித்து, தோள் மட்டும் குலுங்க, சத்தமே வராமல். சத்தம் மேஸ்திரி காதில் விழுந்தால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிடுவார்.

“என்னம்மா, கொசுவை முழுங்கின மாதிரி இருக்கு!” கணக்கு அதிகாரி சிரித்தார்.

தலைவர் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு இருமினார். செயலாளர் அம்மா கைதட்டினார்.

“உனக்குப் படிப்பு இருக்கு. ஆனா அந்த சனங்களோட வலி தெரியல” என்றார் தலைவர், மூச்சு வாங்கிக்கொண்டே. பிறகு உட்கார்ந்து மதிப்பெண் தாளில் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வந்தது.

களப் புரிதல்: பத்துக்கு இரண்டு.

அவ்வளவுதான். கடித்து வைத்திருந்த நாக்கை விட்டுவிட்டேன்.

அந்த இருமல் என் அம்மாவுடையது என்றேன். அம்மா இருபத்திரண்டு வருடமாகப் பஞ்சாலையில் கூட்டிப் பெருக்குகிறாள், இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன். அந்த நடிகை ஒன்பது நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களுடைய ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா இருமுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார் என்றேன். வீட்டில்தான் அவள் வாய்விட்டு இருமுவாள். பிறகு கூட்டத்தில் நிற்க அம்மாவையும் படப்பிடிப்புக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் பார்த்துவிட்டு, இந்தம்மா இருமுறது இயல்பா இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதையும் சொன்னேன்.

தலைவரின் கண் கலங்கியது. பேனாவை எடுத்து இரண்டை அடித்தார். ஒன்பது போட்டார்.

எனக்கே வெட்கமாகிவிட்டது. மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ?

“அப்போ, மேடம் உங்க வீட்டுக்கே வந்திருக்காங்க!” என்றார். “நம்ம ஆண்டு விழாவுக்கு மட்டும் அவங்கள வர வெச்சுடு. திங்கக்கிழமையே வந்து சேர்ந்துக்கோ.”

“சார், எங்க அம்மாவுக்கு இப்போ...”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. மேடம் நம்பரச் சொல்லு மொதல்ல.”

மேடம் எங்களுக்கு நம்பர் தரவில்லை. ஏதாவதுன்னா கூப்பிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனவர் அவர்.

ஆனாலும் பத்து எண்களைச் சொன்னேன். நிறுத்தி நிதானமாக.

அப்போதே அழைத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். மணி அடித்தது. நான்காவது மணியில் எடுக்கப்பட்டது.

முதலில் இருமல்தான் வந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, அடியில் கீச்சென்று ஒரு மூச்சு.

தலைவர் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்துக் கணக்கு அதிகாரியும் எழுந்தார். செயலாளர் அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டார், போனுக்குக் கண் இருப்பதைப் போல.

“அதே இருமல்!” தலைவரின் குரல் தழுதழுத்தது. “இத்தனை வருஷம் கழிச்சும் அதே இருமல்!”

அந்தப் பக்கம் சட்டென்று அடங்கியது. பிறகு அம்மா பதறிக்கொண்டு சொன்னாள்:

“இருமல் எல்லாம் இல்லைங்க மேஸ்திரி! தண்ணி குடிச்சேன், புரையேறிடுச்சு. இதோ, ஷிப்டுக்குக் கெளம்பிட்டேங்க.”