உறங்கும் பூதம்

ஐஸ்லாந்தில் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கென்றே ராக் இசை வாசிக்கும் குழு அது. கடைசிப் பாட்டில் டிரம்ஸ்காரன் தோர்கெயர் பூத வேஷத்தில் மேடையிலேயே படுத்து உறங்குவான். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினால் துள்ளி எழுவான். அன்றும் அரங்கமே கத்தியது. அவன் எழப்போன சமயம், மேடையேறி வந்த ஒரு சிறுமி அவன் காதோரம் குனிந்தாள்.

"எந்திரிக்காத. எங்கம்மாவை நான் இப்படித்தான் கத்திக் கத்தி எழுப்புனேன். எந்திரிக்கல. நீ எந்திரிச்சிட்டா, அன்னிக்கு நான் சரியாக் கத்தலன்னு ஆயிடும்."

தோர்கெயர் அசையாமல் கிடந்தான். அவன் எழ வேண்டிய இடத்தைத் தாண்டிப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. பாடகி சிக்ரூன் சிரித்தபடியே மைக்கைப் பிடித்தாள்.

"பத்தல பசங்களா. இன்னும் சத்தமாக் கத்துனாத்தான் பூதம் எந்திரிக்கும்."

சிறுமி நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.