பத்தொன்பது டிகிரி

பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டர். இந்தத் தடவை எரிந்துபோனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். நானா விடுவேன்? ப்ராசஸர் மேலிருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்து, ப்ராசஸரில் சூடு கடத்தும் புது பேஸ்ட் தடவி, பெட்டியை மூடி, கம்ப்யூட்டரைப் போட்டு, ஃபேனின் வேகத்தைக் கூட்டினேன். மத்தியான வெயிலில் அறையே முப்பத்து மூன்று டிகிரி. திரையில் ப்ராசஸரின் சூடு இருபத்தொன்று. இன்னும் முடுக்கினேன். பத்தொன்பதுக்கு இறங்கியது.

"பாத்தியா, ஐயா கைவேலைய," என்றேன்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் மேஜையைப் பார்த்தாள். "ஃபேன உள்ள மாட்டவே இல்லயே நீங்க."

துடைத்த துணியின் மேலேயே கிடந்தது. ஒயர் எதிலும் செருகியிருக்கவில்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டுங்க, சில்லுனு வருது," என்று ஈரத்தலையை அதன் பக்கம் சாய்த்தாள்.