முப்பது நொடி

மூச்சடக்கிக் கடலடி வரை முக்குளித்த தையல்காரர் மேலே வந்து, நலம் என்று விரலால் வட்டம் காட்டுகிறார். பக்கத்தில் மிதக்கும் மைத்துனர் பார்வையை விலக்கவில்லை; மேலே வந்த பிறகும் மயக்கம் வரலாம் என்பதால் முப்பது நொடி பார்த்தே தீருவது அவர்கள் வழக்கம். "என்ன மாப்ள, என் மூஞ்சில படமா ஓடுது?" "பேசாம மூச்சை இழுங்க மச்சான்." சிரிக்க வாய் திறந்தவரின் உதடு நீலம் பாரிக்கிறது, தலை தண்ணீரில் கவிழ்கிறது. மைத்துனர் ஒரு கையால் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் நீச்சல் கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தில் தட்டுகிறார். "மச்சான், மூச்சு விடுங்க! மூச்சு!" சிற்றலை ஒன்று இருவர் தோளையும் நனைத்துப் போகிறது. இரண்டாம் தட்டலில் நெஞ்சு விம்முகிறது; காற்று சத்தத்தோடு உள்ளே இறங்குகிறது. கண் திறந்தவரின் ஈர முகத்தில் காலை வெயில். "மிதவையைப் பிடிச்சுக்கோங்க, கரைக்குப் போயிடலாம்." தையல்காரர் தலையசைக்கிறார். மிதவை கைக்கெட்டும் தூரத்தில்தான் ஆடுகிறது. அவர் பிடித்திருப்பதோ மைத்துனரின் மணிக்கட்டை, இரண்டு கைகளாலும்.