முதல் கரண்டி

"டேய், இந்த வாசலைத் தாண்டினதும் நீதான் அண்ணன், நான் தம்பி. மறந்து தொலைச்சிடாதே!"

பர்மா சாப்பாட்டுக் கடையின் வாசலில் நின்றுகொண்டு கண்ணாடிக்கடைக்காரர் பல்லைக் கடித்தார்.

"சரிண்ணே" என்றான் தம்பி.

"பார்த்தியா, பார்த்தியா!"

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைத் தடவினான். தலை என்றால் வெறும் தலைதான், பேச்சுக்குக்கூட ஒரு முடி கிடையாது. தெருவில் எல்லோருக்கும் அவன் மொட்டை. அண்ணனுக்கோ நாற்பத்தெட்டு வயதிலும் தலை கொள்ளாத முடி, அத்தனையும் நரை. காலையில்தான் ஒரு டப்பா சாயத்தைக் கொட்டிக் கன்னங்கரேல் என்று ஆக்கியிருந்தார். பார்க்க வந்த பெண்ணிடம் சொன்ன வயது நாற்பது. நாற்பது வயதுக்காரருக்கு நாற்பத்தைந்து வயதில் தம்பி இருக்க முடியாதே! மொட்டைக்கு இந்தத் திடீர்ப் பதவி உயர்வு அதனால்தான்.

கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அதையும் கழற்றிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி உள்ளே போனார்.

சிரிக்காதீர்கள். பாவம், இதற்கு முன் பார்த்த இடமெல்லாம் வயசைக் காரணம் சொல்லித் தட்டிப்போயிருந்தது. இப்போது பார்க்க வந்திருக்கும் பெண் ஒரு டீச்சர், அவளிடம் போனில்தான் பேசியிருந்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. இதுவும் கைநழுவினால் மிச்ச வாழ்க்கைக்கும் தம்பி வீட்டுச் சாப்பாடுதான். தம்பி பெண்டாட்டியின் சமையலை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

கடையைச் சொன்னது டீச்சர்தான். அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சமையலறையை ஒட்டிய மேஜையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஆசையாகச் சிரித்தார்.

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றாள் டீச்சர். "நீங்க பார்த்துச் சிரிக்கறது எங்க அக்கா."

அசடு வழிந்தபடி உட்கார்ந்தார். "இவர் எங்க அண்ணன். இவர் பையன் காலேஜ் போறான்னா பாருங்களேன்!"

"அப்படியா? எங்க அக்கா பொண்ணு இப்பதான் ஒண்ணாங்கிளா..." என்று ஆரம்பித்த டீச்சர் அவசரமாகத் தண்ணீரைக் குடித்தாள்.

மொட்டை தன் பங்குக்கு உதவலாம் என்று நினைத்தான். "எங்க தம்பி தங்கமானவன்ங்க. சின்ன வயசுல என்னை இடுப்புல தூக்கிக்கிட்டே திரிவான்."

மேஜைக்கடியில் மொட்டையின் காலில் ஒரு மிதி விழுந்தது.

"அதாவது, நான்தான் இவனைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறைச் சூடு, எதிரே ஆவி பறக்கும் சூப், போதாக்குறைக்கு மின்விசிறி வேறு சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மொட்டை மங்கலாகத் தெரிந்தான். காதைத் தொட்டுத் தொட்டு என்னவோ ஜாடை காட்டினான். பேசினது போதும், காது கொடுத்துக் கேள் என்கிறான் போல! அவர் அடக்கமாக டீச்சர் பக்கம் காதைச் சாய்த்தார். மொட்டை தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குள் கடைக்காரப் பர்மாக்காரம்மா சோற்றையும் மீன் குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தெருவில் பல வருஷம் கடை நடத்தி, அவளுக்குத் தமிழ் தண்ணிபட்ட பாடு.

"புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடறேன். எங்க வழக்கப்படி முதல் கரண்டி மூத்தவங்களுக்குத்தான். வெச்சப்புறம்தான் மத்தவங்க கை வைக்கணும்."

கண்ணாடிக்கடைக்காரருக்குத் திக்கென்றது. அவர் பயந்தபடியே, பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு முன்னால் சாப்பிட்டறியாத மொட்டை வாயைத் திறந்தான்.

"அண்ணனுக்கே வைங்கம்மா!"

மறுபடியும் மிதி.

"அண்ணன்னா... நான்தாம்மா!"

"ஆமா ஆமா, இவருக்குத்தான்!" என்று இவர் கைகாட்ட, "இல்லல்ல, எங்க அக்காவுக்கு வைங்க!" என்று டீச்சர் அவரைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

பர்மாக்காரம்மா ஒருத்தர் பேச்சையும் சட்டை செய்யவில்லை. நேராக டீச்சரின் தட்டில் கரண்டியைக் கவிழ்த்தாள்.

"என்னம்மா புதுசாக் கூச்சப்படறே? வாராவாரம் இந்தத் தங்கச்சியோட வர்றப்ப உனக்குத்தானே முதல்ல வைக்கறேன்?"

"வேற கடைக்குப் போலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாக்கா?" என்று 'அக்கா' டீச்சரின் விலாவில் இடித்தாள்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. உச்சி குளிர்ந்துபோயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"பரவாயில்லைங்க. வயசு முன்னப்பின்ன இருந்தா என்ன? உண்மையை மறைச்சீங்களேன்னுதான் மனசு கஷ்டப்படுது. எனக்குப் பொய்யே பிடிக்காது. போகட்டும், மன்னிச்சுட்டேன்."

டீச்சர், போனில் கேட்ட அதே சிரிப்புச் சிரித்தாள். தன் தட்டிலிருந்த அந்த முதல் கரண்டியை அப்படியே வழித்து அவர் தட்டில் வைத்தாள்.

"அப்ப நீங்களே ஆரம்பிச்சு வைங்க, மூத்தவரே. தலைச்சாயம் காது வழியா இறங்கிக் காலர் வரைக்கும் வந்தாச்சு, பாவம் உங்க தம்பியும் ஜாடை காட்டி ஓய்ஞ்சுபோயிட்டார். முதல்ல அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டுங்க, கட்டிக்கப்போறவளை ஒரு தடவையாவது ஒழுங்காப் பாருங்க!"